காருக்குக் கண்ணாடிச் சட்டை

நம்மிடையே ஓர் இனம் உண்டு. அதற்கு உறைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. சாதி, மதம், சம்பளம் எதுவும் தடையில்லை. ஒரு பொருளைக் கடையிலிருந்து ஆசை ஆசையாக வாங்கி வருவார்கள்; வந்த நாளிலிருந்து அதைத் தொடவிட மாட்டார்கள். அவர்கள் வீட்டு டி.வி. ரிமோட் பாலிதீன் பைக்குள்ளேயே கிடந்து, பைமேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, எந்தப் பொத்தான் எது என்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்கி, செய்தி கேட்க நினைத்தவர்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குப் பின்னல் சட்டை, தலைக்குப் பூப்போட்ட முண்டாசு. சோபாவில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். எழுந்தால் சோபா உறையும் கூடவே எழுந்து வரும்.

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் வாங்கவே மாட்டார். உறைக்காரர் வாங்குவார், நல்லதாகப் பார்த்து நாலு கடை ஏறி இறங்கி வாங்குவார். அப்புறம்தான் வியாதி ஆரம்பிக்கும். ஐந்து வருடப் பொருளைக் காட்டி “இப்பத்தானய்யா வாங்குனோம்” என்பார். எடுத்துப் புழங்கலாமே என்றால் “நல்ல நாளைக்கு ஆகும்” என்பார். அந்த நல்ல நாள் எது? தீபாவளியா, கிறிஸ்துமஸா, ரம்ஜானா? கேட்டுப் பாருங்கள். இருக்கிற பண்டிகையெல்லாம் அவருக்குச் சாதாரண நாள்தான்.

இந்த இனத்தில் நான் பார்த்த தலைசிறந்தவர் சூசைமரியான் சார். காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். அவர் கைக்கடிகாரத்தின் கண்ணாடிமேல் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த மெல்லிய தாள் பதினோரு வருடமாக ஒட்டியபடியே இருந்தது. மணி கேட்டால் வெளிச்சத்துக்குப் போய்க் கையைச் சாய்த்துப் பார்த்து, “ஒம்பதுலேருந்து ஒம்பதரைக்குள்ள” என்பார்.

இப்படிப்பட்டவர் தொண்ணூற்றேழாம் வருடம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு கார் வாங்கினார். யோசித்துப் பாருங்கள்! ரிமோட்டைப் பைக்குள் போடலாம். காரை?

கருநீல நிறத்தில் சின்னக் கார். அவருடைய சிநேகிதர் முத்தரசு, ஒக்கூரில் விவசாயம் பார்ப்பவர், அதே நாளில் அதே நிறத்தில் அதே காரை வாங்கினார். இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஊருக்குள் நுழைந்தன. முத்தரசு மறுநாளே தன் வண்டியில் இரண்டு மூட்டை யூரியாவையும் ஒரு கிடாக்குட்டியையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். சூசைமரியான் சார் தன் வண்டியை மந்திரிக்கக் கோவிலுக்குக் கொண்டுபோனார்.

பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி முடித்துத் தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்தார். சார் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

“சாமி, தீர்த்தத்தைச் சக்கரத்துல மட்டும் தெளிங்க சாமி.”

“ஏன் சூசை?”

“இது போர்த் தண்ணி சாமி. காஞ்சா உப்புப் புள்ளி நிக்கும்.”

சாமியார் நாலு சக்கரத்துக்கும் மந்திரித்துவிட்டு, மிச்சத் தீர்த்தத்தை சூசைமரியான் சார் தலையில் நன்றாகத் தெளித்தார்.

வீட்டில் அந்தக் காருக்கு மூன்று போர்வைகள். மெத்தென்ற பழைய வேட்டித் துணி முதலில், அதன்மேல் படுக்கை விரிப்பு, அதன்மேல் தார்ப்பாய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் காரில் போகலாம் என்று முடிவானால், மூன்றையும் பிரித்து, மூன்றையும் மடித்து, வண்டியைத் துடைத்து, துடைத்த துணியை உதறி, கதவைத் திறக்கிறவர் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்து ஏறுவதற்குள் முதல் மணியும் இரண்டாம் மணியும் அடித்திருக்கும். அவர் மனைவி ஞானபூரணி அம்மாள் நாலாவது வாரமே டவுன் பஸ்ஸுக்கு மாறிவிட்டார். “எங்க வீட்ல காரு இருக்கு. ஆனா பாருங்க, அவசரமாப் போகணும்ல?” என்று பஸ் நிறுத்தத்தில் எங்களிடம் சொல்வார்.

அந்த அக்டோபரில்தான் விபத்து நடந்தது. சார் விபத்து என்றுதான் சொன்னார். நாச்சியாபுரம் தாண்டி முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்துக் காரின் முன்மூடியில், அதாவது பானெட்டில், பட்டது. கடுகளவுக்கு வண்ணம் பெயர்ந்தது. கடுகு என்றால் தாளிக்கிற கடுகு, அதிலும் சின்னது. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை, பேசவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானபூரணி அம்மாள் பதறிப்போய் யார் செத்தார்கள் என்று கேட்டு அழவே ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் நாள் சார் எழுந்தார். காருக்குக் கண்ணாடிச் சட்டை போடுவது என்று முடிவு செய்திருந்தார். உள்ளிருக்கும் வண்ணம் அப்படியே தெரிய வேண்டும். கல் பட்டாலும் மண் பட்டாலும் மேலே இருக்கும் தாளோடு போக வேண்டும். அப்படி ஒரு நிறமில்லாத பிலிம் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நம்பர் பிளேட் எழுதி ஸ்டிக்கர் ஒட்டும் குருநாதன் கடைக்குத் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“குருநாதன், இது வெயிலுக்கு மஞ்சளாகுமா?”

“ஆகாது சார்.”

“எத்தனை வருசத்துக்கு ஆகாது?”

“நான் கடை போட்டே நாலு வருசந்தான் சார் ஆச்சு.”

“குமிழ் விழுமா?”

“ஒழுங்கா ஒட்டுனா விழாது.”

“பிரிச்சா பசை நிக்குமா?”

“எதுக்கு சார் பிரிக்கப் போறீக?”

“பிரிக்கப் போறதில்லப்பா. ஒரு பேச்சுக்குப் பிரிச்சா?”

குருநாதன் பொறுமைசாலி. எண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்றார். சார் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், காதருகே வைத்து மடக்கிப் பார்த்தார்.

“சரி. இந்தப் பிலிம் மேலயே கீறல் விழுந்தா?”

“அதுக்குத்தான சார் பிலிமே! கீறல் இதுல விழுகும், பெயிண்டுல விழுகாது.”

“பிலிம்ல கீறல் விழுந்தா பாக்க அசிங்கமா இருக்காது?” சார் குரலைத் தாழ்த்தினார். “இதுக்கு மேல போடுறதுக்கு ஏதாச்சும் பிலிம் வச்சிருக்கியா?”

குருநாதன் அன்று அரை மணி நேரம் முன்னதாகவே சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டார்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டில் மகள் மரிய அனிதாவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை லூர்து பிரகாஷ், தங்கமான பையன். ஈஸ்டர் கழிந்து மே மாதத்தில் கல்யாணம். காளையார்கோவிலுக்கு அங்குட்டு இருக்கும் அவர்கள் பூர்வீக ஊர்க் கோவிலில். சார் கல்யாணமும் அங்கேதான் நடந்தது, அவர் அப்பா கல்யாணமும் அங்கேதான். அந்த ஊருக்குத் தார் ரோடு கிடையாது; கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண்ணும் சரளையும்தான்.

அனிதா எதையும் கேட்கிற பெண் இல்லை. நகை இது வேண்டும், புடவை அது வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். நான் அந்த நேரம் அங்கே இருந்தேன்.

“அப்பா, கோவிலுக்கு நம்ம கார்லதான் போகணும். நீங்கதான் ஓட்டணும்.”

“அதுக்கென்ன தாயி.”

“சின்னப்புள்ளையா இருக்கையில அந்த ரோட்டுல சைக்கிள் பார்ல என்னைய வச்சு மிதிச்சுக்கிட்டுப் போவீகல்ல? கல்லுல ஏறி இறங்குனா கையால என் நெத்தியப் பிடிச்சுக்கிருவீக. அது மாதிரி ஒரு தடவை போகணும்ப்பா. அம்புட்டுத்தான்.”

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. “போவோம் தாயி. பிலிம் மட்டும் ஒட்டிட்டா ஜம்முனு போயிறலாம்” என்றார். மனதாரத்தான் சொன்னார். உறைக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருந்தது. ஒரு பிலிமைத் தேர்ந்தெடுக்க ஏழு மாதம் போதாதா? உங்களுக்கும் எனக்கும் போதும். சார் மதுரைக்குப் போய் ஒரு துண்டு வாங்கினார். சென்னைக்கு விடைத்தாள் திருத்தப் போன நண்பரிடம் சொல்லி ஒரு துண்டு வரவழைத்தார். குருநாதன் கடைத் துண்டு ஏற்கெனவே இருந்தது. மூன்றையும் ஒட்டி வெயிலில் வைத்துச் சோதிக்க வேண்டும். எதில் ஒட்டுவது? தன் காரிலா? சோதனையில் ஏதாவது ஆகிவிட்டால்?

முத்தரசு இதற்கெல்லாம் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. “ஒட்டிக்கங்க வாத்தியாரே! நம்ம வண்டியில சாணி ஒட்டியிருக்கு, வைக்கோல் ஒட்டியிருக்கு, பிலிம் ஒட்டுனா என்ன குறைஞ்சு போகுது?” என்று சாவியையே நீட்டினார். அவருடைய காரின் முன்மூடியில் சாண் அளவுச் சதுரங்கள் மூன்று ஒட்டப்பட்டன. நாலாவது சதுரத்தில் எதுவும் ஒட்டாமல் சுற்றிலும் மெழுகுப் பென்சிலால் கோடு மட்டும் போட்டார்; ஒப்பிட்டுப் பார்க்கவாம். விபூதிப் புதன் அன்று ஆரம்பித்துத் தவக்காலம் நாற்பது நாளும் அந்தக் கார் ஒக்கூர் வெயிலில் நின்றது, வரப்பில் ஏறியது, வாழைத்தார் சுமந்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் சார் பூதக்கண்ணாடியோடு பஸ் ஏறி ஒக்கூர் போவார். ஆம், பஸ்ஸில்தான். காரை எடுத்துக்கொண்டு ஒக்கூர் வரைக்கும் போவதா?

ஈஸ்டர் அன்று முடிவு தெரிந்தது. மூன்று பிலிமும் தேறிவிட்டன. மஞ்சளாகவில்லை, குமிழ் விழவில்லை. கோடு மட்டும் போட்ட சதுரத்தில் கல் பட்டுப் பட்டு அம்மைத் தழும்பாக இருந்தது. எல்லாவற்றிலும் மலிவான குருநாதன் பிலிம் மற்ற இரண்டுக்கும் கொஞ்சமும் சளைக்கவில்லை.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டாமா? அந்த வாரம்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மைத்துனர் சகாய ஆண்டனி கல்யாணத்துக்காக ஊர் வந்து இறங்கினார். மச்சானுக்குப் பிரியமாக ஒரு பிலிம் சுருள் கொண்டுவந்திருந்தார். அடடா, அது பிலிம்! தடிமனாக, ரப்பர் போல வளைந்து, நகத்தால் கீறினால் கீறல் விழுந்த இடம் தெரியாமல், கண்ணாடியைவிடத் தெளிவாக இருந்தது. சார் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். “இதுதான். இதேதான்” என்றார். தேர்வு முடிந்தது. ஞானபூரணி அம்மாள் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

குருநாதன் ஒட்டுவதற்குத் தயாராக இருந்தார். மூன்று தடவை வீட்டுக்கே வந்தார். சுருள் பீரோவுக்குள் இருந்தது. அதன்மேல் செய்தித்தாள், செய்தித்தாள்மேல் பாலிதீன் பை, பைமேல் நூல் கட்டு. மூன்றாம் தடவை குருநாதன் கேட்டேவிட்டார்.

“சார், என்னதான் யோசனை?”

“குருநாதன், பின்தாளைப் பிரிச்சா பிரிச்சதுதானே? மறுபடி சுருட்டி வைக்க முடியாதுல்ல?”

“முடியாது சார்.”

“இம்புட்டு நல்ல பிலிமைப் போட்டு அந்தச் சரளை ரோட்டுலயா விடுறது? ஒரே நாள்ல வீணாப் போகுமேப்பா.”

“சார், சரளைக்குத்தான சார் பிலிம்!”

“கல்யாணம் முடியட்டும். நல்ல ரோட்டுல ஓட்டையில ஒட்டிக்கிருவோம்.”

கவனித்தீர்களா? காருக்காகப் பிலிம் தேடினார். இப்போது பிலிமைக் காரிடமிருந்து காப்பாற்றுகிறார். இதுதான் உறைக்காரரின் உச்ச நிலை. இதற்கு மேல் படி கிடையாது.

கல்யாண நாள் காலை. அனிதா வெள்ளைப் பட்டுடுத்தி, தலையில் வலை முக்காடும் பூ முடியும் வைத்து வாசலுக்கு வந்து நின்றாள். எங்கள் தெருவே அவளைப் பார்க்க நின்றது. கார் போர்வைகள் கழற்றி, துடைத்து, தயாராகத்தான் இருந்தது. சார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார்.

“பிலிம் ஒட்டலையே தாயி… அந்தக் கல்லு ரோட்டுல… முத்தரசு வண்டி வந்திருக்கு. நீ அதுல ஏறிக்க. அப்பா பின்னாடியே வாரேன்.”

அனிதா அழவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை. “சரிப்பா” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோது சார் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி அந்தக் கருநீலக் காரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மனிதனா இவன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் காதில் விழவில்லை.

முத்தரசு அதிகாலையிலேயே எழுந்து, ஆட்டு வாடை போக மூன்று வாளித் தண்ணீர் விட்டுக் கழுவி, சாம்பிராணி காட்டி, மல்லிகையும் ரோஜாவும் வாங்கி வந்திருந்தார். பூச்சரத்தை டேப் போட்டு ஒட்ட வேண்டுமே? மூன்று பிலிம் சதுரங்களின்மேல் வாகாக ஒட்டியிருந்தார். அனிதாவும் அவள் அம்மாவும் ஏறிக்கொண்டார்கள். உறவினர் வேன் அடுத்துக் கிளம்பியது. கடைசியாக சார். அவர் பக்கத்தில், பாலிதீன் பிரிக்காத இருக்கையில், மே மாதத்து வெயிலில், நான்.

கல் தெறிக்கக் கூடாதென்று இருபது கிலோமீட்டர் வேகம். மாட்டுவண்டிகூட ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. தார் ரோடு முடிகிற இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது முன்னால் போனவர்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அங்கிருந்து கல்யாணத்துக்காகவே புதுச் சரளை கொட்டிப் பரப்பியிருந்தார்கள். முனை மழுங்காத கூரான கல். சார் வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கினார். மூன்று போர்வையையும் எடுத்து வரிசையாகப் போர்த்தினார். அங்கே டீக்கடை வைத்திருந்த மீனம்மாளிடம் “யாரும் சாயாமப் பாத்துக்கங்க தாயி” என்றார். அப்புறம் நடக்க ஆரம்பித்தார். கல்யாணத்துக்கென்று வாங்கிய புது ஷூ கால்களில் இருந்தது என்று நினைக்கிறீர்களா? பையில் இருந்தது. பை கக்கத்தில் இருந்தது.

மூன்று கிலோமீட்டர், வெறுங்காலில், அந்தச் சரளையில். நான் செருப்புப் போட்டிருந்தும் வலித்தது. எதிரே வந்த டிராக்டர் ஒன்று எங்கள்மேல் ஒரு வண்டி செம்மண்ணை வாரிப் போட்டுவிட்டுப் போனது. வியர்வையில் அது அப்படியே அப்பிக்கொண்டது. முதல் ஒரு கிலோமீட்டர் நான் திட்டிக்கொண்டே வந்தேன். வேப்பமரம் ஒன்று வந்த இடத்தில் அவர் நின்று, “இந்த எடத்துலதான் புள்ள எப்பவும் பார்ல உக்காந்தமேனிக்குத் தூங்கிப்போகும்” என்றார். அதற்கப்புறம் எனக்கும் திட்ட வரவில்லை.

கோவிலில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள்: மூன்றாம் மணி அடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை உள்ளே காத்திருந்தார். சாமியார் வாசலுக்கும் பீடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். சகாய ஆண்டனி கையை நீட்டிக்கொண்டு நின்றார்: “வா ஆத்தா, தாய்மாமன் நான் கூட்டிப் போறேன். நேரமாச்சு.” அனிதா வாசற்படியிலேயே நின்றாள். “அப்பா வரட்டும் மாமா” என்றாள். எத்தனையாவது தடவையோ.

அப்போதுதான் எனக்கு முன்னால் ஒரு செம்மண் உருவம் வளைவில் திரும்பியது. தலை, மீசை, வெள்ளைச் சட்டை, பேண்ட் எல்லாம் ஒரே நிறம். கக்கத்தில் இருந்த பை மட்டும் சுத்தம். சிறுசுகள் சிரித்தன. ஞானபூரணி அம்மாள் தலையில் கைவைத்தார். சார் மகள் முன்னால் வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூச்சு வாங்கியது.

அனிதா தன் வெள்ளைப் பட்டின் முந்தானையை எடுத்தாள்.

“வேணாந்தாயி! பட்டு! கறையாயிரும்!”

“ஆனா ஆகட்டும்ப்பா” என்றாள். நெற்றியில் ஆரம்பித்து, கண், கன்னம், கழுத்து என்று நிதானமாகத் துடைத்தாள். அவர் குழந்தை மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண் கறை தெரியும். போய்ப் பார்க்கலாம், ஆல்பத்துக்கு உறை போட்டிருக்கும், பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள், முத்தரசு காரிலேதான். சீர்ச் சாமான் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. “மாப்பிள்ளை, மெத்தை உறையைப் பிரிச்சிராதீக” என்று சார் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் காரின் முன்னால் போய்க் குனிந்துகொண்டார். பூச்சரத்தை விலக்கி விலக்கி எதையோ உற்றுப் பார்த்தார். மகள் புறப்படுகிற நேரத்தில்கூட இந்த மனுசனுக்குப் பிலிம்தானா என்று சனம் முணுமுணுத்தது. நானும் முத்தரசும் பக்கத்தில் நின்றதால் எங்களுக்கு மட்டும் தெரிந்தது. குருநாதன் பிலிம்மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. நிற்காமல் உருண்டு கீழே ஓடின.

“பாத்தியா முத்தரசு,” என்றார் தலையைத் தூக்காமலே. “தண்ணி நிக்கவே இல்ல. இதே போதும்போல.”

“ஆமா வாத்தியாரே,” என்றார் முத்தரசு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. “நல்ல பிலிமுதான்.”

அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் நம்பாதீர்கள். சிங்கப்பூர்ச் சுருள் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. நல்ல நாளைக்கு ஆகும்.

சிரித்துக்கொண்டு படித்தீர்களா? நல்லது. இப்படி ஒருவர் உங்கள் தெருவிலும் உண்டு என்று நினைத்திருப்பீர்கள். பெயர்கூட ஞாபகம் வந்திருக்கும். இருக்கட்டும். விருந்தாளிக்கென்று மேல்தட்டில் வைத்திருக்கும் அந்தப் பீங்கான் கோப்பைகளில் ஆறு வருடமாக எந்த விருந்தாளி காபி குடித்தார் என்று மட்டும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு வந்து, இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். மேலே நிறமில்லாத பாலிதீன் அட்டை போட்டு, முதுகு மடிந்துவிடுமோ என்று பாதி மட்டும் திறந்து, தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அது யார்?

நன்றாக விரித்துத்தான் பிடியுங்களேன். மடிந்தால் மடியட்டும்.